‘கடுப்பா இருக்கு’: கோலாலம்பூர் முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் இல்லத்துப் பதிவேட்டில் ஒரு பாட்டியின் பெயருக்கு நேரே ஒரே மாதத்தில் ஒன்பது முறை ‘அடித்தார்’ என்று எழுதியிருந்தது. ஒன்பதும் காலைக் குளியலின்போது நடந்தவை. மூன்று பேர் மாற்றி மாற்றி எழுதியிருந்தோம். அதில் இரண்டு என் கையெழுத்து.

நான் செந்தூலை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் பகல்நேரத் தலைமைத் தாதி. பழைய பங்களா வீடு, முப்பதுக்குச் சற்றுக் குறைவான கட்டில்கள். தங்கியிருப்பவர்களில் பாதிக்கு மேல் முதுமை மறதி நோய் உள்ளவர்கள். டிமென்ஷியா என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த ஆய்வு அந்த ஒரு பாட்டியைப் பற்றியது. மகனிடமும் மகளிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், பாட்டி என்றே இருக்கட்டும். இல்லத்திலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

வந்தபோது

வயது 82. கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதினான்கு வயதில் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கத் தொடங்கியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் அங்கே வீடமைப்புத் திட்டம் வந்தபோது, மகனோடு கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். அல்சைமர் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடம் மருமகள்தான் பார்த்துக்கொண்டார். ஒரே வாரத்தில் இரண்டு முறை பாட்டி விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். அப்புறம்தான் எங்களிடம் வந்தார்கள்.

பதிவு மேசையில் மகன் கையெழுத்துப் போடும்போது, “சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னு தெரியும், மிஸ்” என்றார். மருமகள் ஒன்றும் பேசவில்லை. தூங்கியே பல நாள் ஆனவர் முகம் அது.

நம் நாட்டில் 2018-இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோரை இந்த மருமகளைப் போல் யாரோ ஒருவர்தான் வீட்டில் வைத்துப் பார்க்கிறார். எங்களிடம் வருவது, அந்த ஒருவரால் இனி முடியாது என்ற பிறகுதான்.

கோப்பில் இருந்த பாட்டி

முதல் இரண்டு வாரத்தில் கோப்பில் சேர்ந்த சொற்களைச் சொல்கிறேன்: ‘இரவில் அலைகிறார்’, ‘ஒத்துழைப்பதில்லை’, ‘முரட்டுத்தனம்’, ‘கோபம்’, ‘கடுப்பாக இருக்கிறார்’. கடைசிச் சொல் எங்கள் இளம் தாதி எழுதியது. செந்தூலில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பாட்டி சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விடிகாலை நான்கு மணி வாக்கில் எழுந்துவிடுவார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குளியலறை வாளியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவார். பூட்டை உலுக்குவார். இரவு வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேர், இருவரும் வெளிநாட்டவர். மலாயில் “தீடோர், பாட்டி, தீடோர்”, தூங்குங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோவார்கள். பாட்டிக்கு மலாய் ஒரு காலத்தில் நன்றாகத் தெரியும், சந்தையில் பேசிப் பழகியது. டிமென்ஷியா முற்ற முற்றப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதைப் பலரிடம் பார்க்கிறோம். பாட்டியிடம் தமிழ் மட்டும்தான் மிச்சம். அவருக்குப் புரியாத மொழியில் இருட்டில் யாரோ கையைப் பிடித்து இழுத்தால் அவர் என்ன செய்வார்?

இல்லத்துக்கு வரும் டாக்டரிடம் தூக்கத்துக்கு ஏதாவது எழுதித்தரச் சொல்லிக் கேட்டது நான்தான். குவெட்டியாப்பின் 25 மில்லிகிராம், இரவில். மனநோய் மருந்து வகையைச் சேர்ந்தது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்து கொடுத்தால் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. எனக்கு அது தெரியும், பரீட்சைக்குப் படித்தது. ஆனாலும் கேட்டேன். இரவு வேலைக்காரப் பெண்ணின் மணிக்கட்டில் பாட்டியின் நகக்கீறலைப் பார்த்திருந்தேன். அவளும் யாரோ பெற்ற பிள்ளைதானே.

மருந்து கொடுத்த இரண்டாவது வாரம் பாட்டி பகலெல்லாம் நாற்காலியில் சரிந்து கிடந்தார். சோறு ஊட்டும்போது புரையேறியது. ஒரு நாள் கட்டிலருகே விழுந்தார். எலும்பு முறியவில்லை. குளியலறையில் அடிப்பதும் நிற்கவில்லை.

கதை கிடைத்தது, அதை வைத்து நாங்கள் செய்த கூத்து

பயிற்சிப் பட்டறைகளில் ‘நபர்மையப் பராமரிப்பு’ என்று சொல்வார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் 1980-களின் பிற்பகுதியிலிருந்து வலியுறுத்தி வந்த கருத்து. மூளைச் சிதைவு மட்டுமே அந்த மனிதரை அப்படி ஆக்கிவிடுவதில்லை. சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதமும் சேர்ந்துதான் ஆக்குகிறது என்றார். நல்ல எண்ணத்தோடு வேலை செய்கிறவர்களே தெரியாமல் செய்யும் 17 வகைத் தீங்குகளைப் பட்டியல் போட்டார். குழந்தையைப் போல் நடத்துவது, முத்திரை குத்துவது, அவர் புரிந்துகொள்வதற்குள் அவசரப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. பட்டியலைப் படித்த அன்று எங்கள் காலை நேரத்தை நினைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பொருந்தியது.

சரி, ஆளைத் தெரிந்துகொள்வோம் என்று மகளைக் கூப்பிட்டு, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பேச வைத்தேன். கதை கொட்டியது. லயத்து வீடு. நான்கு மணிக்கு எழுந்து மண்ணெண்ணெய் விளக்கில் சோறு கட்டுவது. ஐந்தரைக்குள் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நிற்பது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் கூப்பிட்டு, அவரவருக்கான மர வரிசையை, நிரையை, பிரித்துக் கொடுப்பது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே உளியோடு மரத்துக்கு மரம் ஓடுவது. பத்து மணிக்கு மேல், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் தேங்கிய பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்ற காவடித் தடியின் இரண்டு முனையிலும் வாளி மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவது. நாற்பது வருடம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான்கு மணிக்கு எழுவது நோய் இல்லை, வேலைக்குக் கிளம்புவது! வாளிக்கும் கேட்டுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. கோப்பில் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். ‘காண்டா சுமந்த தோள்’ என்று தலைப்பே போட்டேன். இந்தத் தலைப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்து நாங்கள் செய்தது, பெரட்டை நடத்திக் காட்டுவது. எங்கள் ஆண் பராமரிப்பாளர்களில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான், நல்ல துடிப்பானவன். ஒரு நாள் காலை முற்றத்தில் நின்று, நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டியின் பெயரைக் கிராணி மாதிரி உரக்கக் கூப்பிட்டான். எல்லாரும் சிரித்துக்கொண்டே நின்றோம். பாட்டி நடுங்கிப்போனார். “வந்துட்டேங்கய்யா, வந்துட்டேன், பிள்ளைக்குக் காய்ச்சலுங்க, பேர வெட்டிராதீங்க” என்று கும்பிட்டபடி ஓடி வரப் பார்த்து, படியில் தடுக்கினார். பையன் பிடித்துக்கொண்டான். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பெயர் இல்லை, பெயர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. எங்களுக்கு அது கதை. அவருக்கு அது கிராணியின் குரல்.

மகளிடம் சொன்னபோது, “அம்மா தோட்டத்தப் பத்தி ஒரு நாளும் ஆசையாப் பேசினதில்லயே மிஸ், நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்” என்றார்.

ஒருவரின் வாழ்க்கைக் கதையைச் சேகரிக்கச் சொல்கிறவர்கள், அந்தக் கதையில் எது அவருக்குப் பிடித்தது, எது பயம் என்று பிரித்துக் கேட்கவும் சொல்லித்தர வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் கேட்கத் தோன்றாததற்கு வேறு காரணம் இருந்தது. கதை எங்களுக்குப் பிடித்துப்போயிருந்தது.

கடுப்பு

பெரட்டு நாடகம் முடிந்து பத்து நாள் இருக்கும். மகள் ஒரு சனிக்கிழமை வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். பாட்டி குளியலறையில் இருந்தார். வழக்கமான சத்தம். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து என்னிடம் வந்து, “அம்மாவுக்கு எங்க கடுக்குது?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. “கடுப்பா இருக்கு, கடுப்பா இருக்குன்னு கத்துறாங்களே. எந்த இடம்?”

எங்கள் இளம் தாதியின் தலைமுறைக்குக் கடுப்பு என்றால் எரிச்சல், கோபம். ‘கடுப்பேத்தாதே’ என்பது அவள் தினமும் சொல்லும் சொல். பாட்டி சொன்னதை அவள் அந்தப் பொருளில் எழுதினாள். கேட்டவர்கள் மலாயில் ‘மாரா’ என்று எழுதினார்கள். டாக்டரிடம் போகும்போது அது ‘ஆக்ரோஷம்’ ஆகிவிட்டது. பாட்டியின் தமிழில் கடுப்பு என்றால் வலி. மூட்டு, எலும்பு, தசைக்குள் நின்று வலிக்கும் வலி. ஒரு மாதமாக அவர் ஒவ்வொரு நாள் காலையும் வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் எங்கள் தாய்மொழியில். நானும் தோட்டத்தில் பிறந்த அம்மாவின் மகள்தான். என் காதிலும் விழவில்லை.

அதற்கு முன் நாங்கள் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லையா என்றால், கேட்டோம். “பாட்டி, சாக்கிட்?”, வலிக்கிறதா என்று இரவுப் பெண்கள் மலாயில் கேட்பார்கள். “வலி இருக்கா?” என்று நான் கேட்பேன். “ஒண்ணும் இல்ல” என்பார். அந்தத் தலைமுறைப் பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் கையொடிந்து வந்தாலும் ஒண்ணும் இல்ல என்றுதான் சொல்வார்கள். வலி என்ற பொதுச் சொல்லைவிட, கடுக்குதா, குடையுதா, உளையுதா, இழுக்குதா, குத்துதா என்று கேட்டால் சிலர் வாயைத் திறக்கிறார்கள். இப்போது எங்கள் சுவரில் இந்தச் சொற்கள் மலாய் எழுத்து உச்சரிப்போடு ஒட்டியிருக்கின்றன.

அன்றே பார்த்தோம். ஓய்வாக உட்கார்ந்திருக்கையில் முகத்தில் ஒன்றும் இல்லை. இடது கையைத் தோளுக்கு மேலே மெல்லத் தூக்கியதும் புருவம் சுருங்கியது, மூச்சு அடைத்தது, வலது கை ஓங்கியது. சொல்ல முடியாதவர்களுக்கான பெய்னாட் என்ற அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். மொத்தம் 10. உட்கார்ந்திருக்கையில் பாட்டிக்கு 0. கையைத் தூக்கும்போது 7. எங்கள் குளியல் முறைப்படி முதல் வேலையே, இரண்டு கையையும் மேலே தூக்கிச் சட்டையைத் தலைவழியாக உருவுவது.

டாக்டர் வந்து பார்த்தார். தோள் மூட்டுத் தேய்மானம், சுற்றியுள்ள தசைநாரும் நைந்திருக்கிறது, அசைவு பாதிதான் என்றார். காண்டா சுமந்ததால்தானா என்று கேட்டேன். எண்பது தாண்டினால் சுமக்காதவர்களுக்கும் தேயும் என்று சிரித்தார். பாட்டி அவரைத் தோட்டத்து மருத்துவ உதவியாளர் என்று நினைத்து ‘டிரசர் ஐயா’ என்று கூப்பிட்டு, ஊசி வேண்டாம் என்றார்.

‘காண்டா சுமந்த தோள்’ என்று தலைப்புப் போட்டவள் நான். அந்தத் தோள் வலிக்குமே என்று எழுதும்போது தோன்றவில்லை.

நார்வேயில் 18 இல்லங்களில் 352 பேரை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. டிமென்ஷியாவோடு கொந்தளிப்பும் உள்ளவர்களுக்கு, முதலில் பாராசிட்டமால், தேவைப்பட்டால் அதற்கு மேல் என்று படிப்படியாக வலிக்கு மருந்து கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் கொந்தளிப்பு 17 சதவீதம் குறைந்தது. பாராசிட்டமால்! எங்கள் மருந்து அலமாரியில் டப்பா டப்பாவாக இருப்பது. ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருந்ததால் கொடுக்காமல் விட்டது. கேட்கத் தெரியாதவருக்கு ‘தேவைப்பட்டால்’ என்று மருந்து எழுதுவதில் அர்த்தம் இல்லை. பாட்டியின் எடையைப் பார்த்து டாக்டர் அளவு சொன்னார். நேரம் தவறாமல் கொடுக்க ஆரம்பித்தோம். ஒரு வேளை குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வருமாறு வைத்தோம்.

குளியலறை

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் வேலை இங்கேதான் நடந்தது.

எங்கள் இல்லத்தில் எல்லாரையும் ஏழரைக்குள் குளிப்பாட்டிவிட வேண்டும். யார் எப்போது போட்ட விதி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இரவு ஷிப்ட் போகும்போது வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம். நாங்கள் முதலில் மாற்றியது பாட்டியின் நேரத்தை. பத்தரை மணி. பசியாறி, மருந்து வேலை செய்து, உடம்பு சூடேறிய பிறகு.

அடுத்தது சட்டை. மகள் ஆறு ரவிக்கைகளை எடுத்துப்போய் முன்பக்கம் பெரிய பொத்தான் வைத்து, இடது கைக்குழியை அகலமாக்கித் தைத்துக்கொண்டு வந்தார். கழற்றும்போது வலிக்காத வலது கை முதலில், வலிக்கிற இடது கை கடைசியில். போடும்போது இடது கை முதலில். கையைச் சட்டைக்குள் நுழைக்காமல், சட்டையைக் கையின் மேல் ஏற்றுவது. தாதிப் படிப்பில் முதல் வருடமே சொல்லித்தருவது இது. பக்கவாதம் வந்தவருக்குச் செய்கிறோம். டிமென்ஷியா என்று கோப்பில் இருந்தால் மறந்துவிடுகிறோம்.

அப்புறம் தண்ணீர். ஷவரைத் தலைக்கு மேலே திறந்தால் பாட்டிக்கு அது மழை. வாளியும் குவளையும் வைத்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, துண்டின் மேலேயே வெந்நீர் ஊற்றினோம். முதல் குவளையைப் பாட்டி கையில் கொடுத்தோம். அவரே காலில் ஊற்றிக்கொண்டார். பிறகு முழங்காலில். “சூடு பத்தல” என்றார். இரண்டு மாதத்தில் குளியலறையில் அவர் பேசிய முதல் சாதாரண வார்த்தை அது. முதுகை நாங்கள் தேய்த்தோம். தலைக்குக் குளிப்பது செவ்வாய், வெள்ளி மட்டும். அவர் வீட்டு வழக்கம். அதற்கு முன் தினமும் தலையை நனைத்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு நிமிடம் இருபத்தைந்து ஆனது. இல்ல உரிமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்பு அடி வாங்கி, சமாதானப்படுத்தி, விபத்துப் படிவம் நிரப்பிய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள் என்றேன். படிவம் நிரப்பவே இருபது நிமிடம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் குளியல் புதிதல்ல. அமெரிக்க இல்லங்களில் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், ஆளுக்கேற்ற ஷவர் குளியலால் அடிதடி 53 சதவீதமும், படுக்கையிலேயே ஈரத் துண்டால் துடைத்துவிடுவதால் 60 சதவீதமும் குறைந்தன. எங்கள் கணக்கு ஒரே ஒரு பாட்டியின் கணக்கு: மாதம் ஒன்பது ‘அடித்தார்’ என்பது அடுத்த மாதம் மூன்று, அதற்கடுத்த மாதம் ஒன்று. அந்த ஒன்று, ஆள் குறைவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய முறையில் அவசரமாகச் சட்டையை உருவியபோது நடந்தது.

கொந்தளிப்பை அளக்க 29 கேள்விகள் கொண்ட கோஹென்-மான்ஸ்ஃபீல்ட் பட்டியலையும் நிரப்பிப் பார்த்தோம். பகல் ஆள் போட்ட எண்ணும் இரவு ஆள் போட்ட எண்ணும் ஒத்தே போகவில்லை. அதனால் அந்த எண்களை இங்கே தரவில்லை.

நான்கு மணி

வலி குறைந்ததும் விடிகாலையில் எழுவதும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அலைச்சல் மட்டும் குறைந்தது. பெரட்டு அனுபவத்துக்குப் பிறகு தோட்டத்து வேலையை நினைவூட்டும் எதையும் அந்த நேரத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். மகன் எங்கேயோ தேடி ஒரு பழைய பால் மங்கு கொண்டுவந்தார். பகலில் காட்டினோம். பாட்டி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாரு வீட்டுதோ, குடுத்துருங்க” என்றார். சரி, அதுவும் முடிந்தது.

வழி கண்டுபிடித்தது இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்திருந்த இரவுப் பராமரிப்பாளர். பாட்டி எழுந்தால் இழுக்கக் கூடாது, கூடவே நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் கூடவே நடந்து சமையலறைக்குள் போயிருக்கிறாள். விளக்கைப் போட்டு, கோப்பி ஓ, பால் விடாத காப்பி, கலக்கி, இரண்டு பிஸ்கோத்து வைத்து, தானும் உட்கார்ந்துவிட்டாள். பாட்டி பிஸ்கோத்தை நனைத்துத் தின்றார். பிறகு மேசையில் கிடந்த துண்டுகளை இழுத்து மடிக்க ஆரம்பித்தார், வலிக்காத கையால், தொடையில் வைத்து. ஐந்தரைக்குத் தானே போய்ப் படுத்துக்கொண்டார். பாட்டி அவளைக் குட்டி என்று கூப்பிடுவார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஒருத்தி தன் ஊர் சாசாக் மொழிப் பாட்டு முணுமுணுப்பாள், இன்னொருவர் மாரியம்மன் தாலாட்டு. ஒரு நாள் நான் சீக்கிரம் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

நடு இரவில் கோப்பியா, தூக்கம் கெடாதா என்று கேட்பவர்களுக்கு: அவருக்கு அது நடு இரவு இல்லை. எட்டு மணிக்கே படுத்துவிடுபவருக்கு நான்கு மணி விடியல்தான்.

எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் கேட்டுக்குத்தான் போவார். அப்போது அவள் ஒரு குடையை எடுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி அவரோடு நடப்பாள். கேட்டைத் திறந்தால் சாலை. அதனால் பூட்டைப் பற்றிய கேள்விக்கு எங்களிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

மருந்து

குவெட்டியாப்பினை டாக்டர் குறைத்து, பிறகு நிறுத்தினார். நாங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. இங்கிலாந்தில் 12 இல்லங்களில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஊழியர்களுக்குப் பத்து மாதம் கூடவே இருந்து பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்ற இல்லங்களில் 23 சதவீதம் பேர் இந்த வகை மருந்தில் இருந்தார்கள், பெறாத இல்லங்களில் 42 சதவீதம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பத்து மாதம் என்ற சொல். எங்களுக்குக் கிடைப்பது ஹோட்டல் அறையில் ஒரு நாள் பட்டறையும் மதியச் சாப்பாடும் சான்றிதழும்.

இன்னும் சரியாகாதவை

பாட்டியிடம் வேலை செய்தது என்று அடுத்த அறையில் இருக்கும் சீன மூதாட்டியிடமும் செய்து பார்த்தோம். குளியல் நேரத்தை மாற்றினோம், வலி மருந்து கொடுத்தோம், மாற்றம் இல்லை. அவருக்கு வேறு ஏதோ. இன்னும் தேடுகிறோம்.

சேர்க்கைப் படிவத்தை மாற்றிவிட்டோம். ‘பொழுதுபோக்கு’ என்ற கட்டத்துக்கு முன்னால் இரண்டு கேள்விகள்: வலித்தால் என்ன சொல் சொல்வார்? எதைச் சொன்னால் பயப்படுவார்? பிள்ளைகள் பலர் முதல் கேள்விக்குப் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். ஒரு மகன் மனைவிக்கு ஃபோன் செய்து கேட்டார்.

பெரிய ஓட்டை ஆட்கள் மாறுவது. லொம்போக் பெண்ணின் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். போகிற அன்று பாட்டியிடம் சொன்னாள். பாட்டி “கடைக்குப் போறியா, வெத்தல வாங்கிட்டு வா” என்றார். அவள் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதில் ஒன்றைக்கூட எங்கள் கோப்பு முழுதாகப் பிடித்து வைக்கவில்லை. நான் எழுதிவைத்த குறிப்பில் ‘கோப்பி கொடுக்கவும்’ என்று இருக்கிறது. கூட உட்காரவும் என்று இல்லை. பிறகு சேர்த்தேன்.

புதிதாக வந்திருப்பவளும் இந்தோனேசியப் பெண்தான், ஜாவாவிலிருந்து. போன செவ்வாய்க்கிழமை சட்டை மாற்றுவதைச் சொல்லிக்கொடுத்தேன். வலது கை முதலில், இடது கை கடைசியில். பிறகு சுவரில் ஒட்டியிருந்த சொற்கள். ‘வலிக்குதா’ என்பது அவள் வாயில் ‘வாலி கூடா’ என்று வந்தது. அவள் மொழியில் கூடா என்றால் குதிரை. குதிரை என்று நினைவு வைத்துக்கொள்கிறேன் என்று சிரித்தாள். குளியலறையில் பாட்டியின் இடது முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, “பாட்டி, வாலி கூடா?” என்று கேட்டாள்.

பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “கடுக்குதான்னு கேளு” என்றார்.